டெய்லி டோஸ் ஆஃப் சன்ஷைன்: கிம் சோ-வானை ஏன் சாகடித்தார்கள்? (கதை முழுவதும் வெளிப்படும், பார்க்காதவர்கள் கவனம்)

ஆற்றங்கரை

இந்தக் கொரியத் தொடரில் எனக்கு ஒத்துக்கொள்ளவே முடியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அதைப் பேசத்தான் இந்த இழை. கிம் சோ-வானை ஏன் சாகடிக்க வேண்டும்?

பார்த்து ரொம்ப நாளாகிவிட்டவர்களுக்காகச் சுருக்கமாக. பார்க் போ-யங் நடிக்கும் ஜங் தா-உன் பொது மருத்துவப் பிரிவில் இருந்த நர்ஸ். ஒவ்வொரு நோயாளியிடமும் நின்று பேசிக்கொண்டே இருப்பார், அதனால் மற்ற நர்ஸுகளுக்கு வேலை கூடுகிறது என்று பேச்சு வந்து, மனநல வார்டுக்கு மாறுகிறார். அங்கே இருப்பவர்களில் ஒருவர் சோ-வான். பல வருடம் அரசுத் தேர்வுக்குப் படித்து, தேறாமல், ஒரு கட்டத்தில் கணினி விளையாட்டு உலகத்துக்குள்ளேயே வாழத் தொடங்கிவிட்டவர். தா-உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், அவருக்கு அவள் விளையாட்டில் வரும் நடுவர். நோ ஜே-வோன் அந்தப் பாத்திரத்தை என்னமாய்ச் செய்திருக்கிறார்! மருந்து வேலை செய்து, அந்த மயக்கம் கலையக் கலைய முகத்தில் தெளிவு வருவதற்குப் பதில் ஒரு பயம் வந்து உட்காரும், கவனித்தீர்களா? விளையாட்டுக்குள் மந்திரவாதியாக இருந்தவர் வெளியே வந்தால் வயது போன, வேலை இல்லாத ஒருவர். அது எனக்கு நன்றாகவே புரிந்தது.

ஆனால் பாதிக் கதை தாண்டியதும் அவர் குணமாகி வெளியே போய், இறந்துவிடுகிறார். தா-உன் உடைந்துபோக ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக அந்த மனிதனைப் பலி கொடுத்த மாதிரி எனக்குப் பட்டது. குணமானவர் ஏன் சாக வேண்டும்? இதைப் பார்க்கிற ஒரு நோயாளிக்கு, அவருடைய வீட்டாருக்கு, இதிலிருந்து என்ன போய்ச் சேரும்?

பனங்காடு

அந்த இடத்தோடு நிறுத்தியவன் நான். இன்னும் மிச்சத்தைப் பார்க்கவில்லை. மனசு வரவில்லை.

இரவுப்பணி

மனநலப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். ஆற்றங்கரை கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

குணமானவர் ஏன் சாக வேண்டும் என்கிறீர்கள். எங்கள் வேலையில் நாங்கள் அதிகம் பயப்படுவதே அந்த நேரத்தைப் பார்த்துத்தான். வார்டில் ஒருவர் ரொம்ப மோசமாக இருக்கும்போது அவரைச் சுற்றி எல்லாப் பாதுகாப்பும் இருக்கிறது. உள்ளே வரும்போதே பையைப் பிரித்துப் பார்த்து பெல்ட், ஷூ லேஸ், துப்பட்டா, சார்ஜர் வயர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுவோம், பைஜாமா நாடாவைக்கூட உருவிவிட்டு எலாஸ்டிக் போட்டதைக் கொடுப்போம். ஆபத்து அதிகம் என்று டாக்டர் எழுதியிருந்தால் கால் மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாத்திரை கொடுத்துவிட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்னத்தை ஒதுக்கச் சொல்லிப் பார்ப்போம். தொடரில் ஹெட் நர்ஸ் சொல்வாரே, மனநல வார்டில் திரைச்சீலை இல்லை, அதனால் காலை வெளிச்சம் முதலில் இங்கேதான் வருகிறது என்று. கேட்க அழகாக இருக்கும். திரைச்சீலை ஏன் இல்லை? துணியும் கயிறும் உள்ளே இருக்கக் கூடாது, அதனால்தான் இல்லை. பார்க்கிற எங்களுக்கு அந்த ஒரு வசனத்திலேயே இரண்டும் கேட்கும்.

இவ்வளவும் டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஒரே நாளில் நின்றுவிடும். கையில் ஒரு சீட்டு, மாத்திரைக் கவர், அடுத்த ஓ.பி. தேதி. வீட்டுக்குப் போனால் கடன் அப்படியே இருக்கும், போன வேலை போனதுதான், பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிற பார்வை வேறு. மனநல மருத்துவத்தில் பல நாடுகளிலும் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம் இது: தற்கொலை ஆபத்து மிக அதிகமாக இருப்பது வார்டை விட்டு வெளியே போன முதல் சில வாரங்கள், முதல் மூன்று மாதம். மனச்சோர்வுக்கான மாத்திரைகளும் வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், அதிலும் சிலருக்கு உடம்பில் தெம்பு முதலில் வரும், மனசு பிறகுதான் தெளியும். அந்த இடைவெளிதான் கெட்ட காலம்.

சோ-வானுக்கு நடந்தது அதுதான். மாயத்தோற்றமும் பிரமையும் போய்விட்டால் நோய் முடிந்தது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அந்தப் பிரமை அவருக்கு ஒரு மறைவிடமாக இருந்தது. மருந்து அதை எடுத்துவிட்டது, அந்த இடத்தில் வைக்க வேறு எதையும் யாரும் கொடுக்கவில்லை. எழுதியவர்கள் கதைக்காகக் கொன்றார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தொடருக்கு மூலமான வெப்டூனை, அதாவது இணையச் சித்திரக்கதையை, எழுதிய லீ ரா-ஹா மனநல வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவர். அந்த வேலையைப் பார்த்த யாருக்கும் இப்படி ஒரு முகம் நினைவில் இருக்கும்.

தேர்வறை

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், அதனால் சோ-வான் பகுதியை ஒரேயடியாகப் பார்க்க முடியவில்லை, நிறுத்தி நிறுத்தித்தான் பார்த்தேன். விளையாட்டு அவரைக் கெடுத்தது என்று நம் வீடுகளில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. விளையாட்டில் இன்று இரண்டு மணி நேரம் உழைத்தால் இன்றே ஒரு படி ஏறலாம். படிப்பில் இரண்டு வருடம் உழைத்தாலும் முடிவு ஒரே நாளில் ஒரே பட்டியலில் வரும், அதில் நம் எண் இருக்கும் அல்லது இருக்காது. நடுவே நீ சரியாகத்தான் போகிறாய் என்று சொல்ல ஆளில்லை.

சுவோன்வாசி

தென் கொரியாவில் ஆய்வு வேலை பார்க்கிறேன், அதனால் பின்னணி கொஞ்சம் சொல்கிறேன். சோல் நகரத்தில் நோரியாங்ஜின் என்று ஒரு பகுதி, முழுக்க முழுக்கத் தேர்வுப் பயிற்சி மையங்கள். ஒன்பதாம் நிலை அரசு வேலைத் தேர்வுக்கு நாடு முழுவதிலிருந்தும் வந்து, கோசிவோன் என்கிற சின்ன அறைகளில் தங்கிப் படிப்பார்கள். கட்டில், மேசை, அதற்கு மேல் அந்த அறையில் திரும்ப இடமிருக்காது. தெருவில் நின்றே கிண்ணத்தில் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுவார்கள். சோ-வான் மாதிரி அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கென்று பேச்சு வழக்கில் தனிப் பெயரே இருக்கிறது, கோங்சிசேங். ஆக அந்தப் பாத்திரம் அங்கே யாருக்கும் புதிதில்லை, எல்லாக் குடும்பத்திலும் ஒருவரைத் தெரியும்.

இன்னொன்று. ஓ.இ.சி.டி. என்கிற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பில் உள்ள நாடுகளிலேயே தற்கொலை விகிதம் மிக அதிகம் தென் கொரியாவில்தான். 2023-ல் ஒரு லட்சம் பேருக்கு 27.3. இப்படி ஒரு நாட்டில் மனநல வார்டைப் பற்றிப் பன்னிரண்டு எபிசோடு எடுத்துவிட்டு, யாருமே சாகாமல் எல்லோரும் கைதட்டி வீட்டுக்குப் போகிற மாதிரி முடித்திருந்தால் அங்கே பார்க்கிறவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஆற்றங்கரை

இரவுப்பணி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் ஆபத்து என்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொண்டேன், நன்றி. இருந்தாலும் என் கேள்வியில் பாதி அப்படியே நிற்கிறது. உண்மையில் நடக்கும் என்பது சரி. அதைக் காட்டும்போது பார்க்கிறவர்களில் ஒருவர் இப்போதுதான் வார்டிலிருந்து வந்தவராக இருக்கலாமே? அவருக்கு இது எச்சரிக்கையா, வழிகாட்டலா? வழக்கமான நாடகமாக இருந்தால் நான் இதைக் கேட்கவே மாட்டேன். இது நோயாளிகளை அன்போடு பார்க்கிற தொடர், அதனால்தான் கேட்கிறேன்.

மஞ்சள்குடை

எனக்கு இதில் வேறு குறை. எல்லாமே ரொம்ப அழகு. வார்டு சுத்தம், வெளிச்சம், நர்ஸுகள் எல்லோரும் நல்லவர்கள், டாக்டர் நல்லவர், தா-உன்னைக் காதலிக்கிற மலக்குடல் நோய் டாக்டர்கூட நல்லவர். முதல் சில எபிசோடுகளில் ஒவ்வொரு நோயாளியும் வருவார், காரணம் தெரியும், அழுவார், தேறுவார். ஓ ரி-னாவை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா போட்டுக்கொடுத்த வாழ்க்கையையே வாழ்ந்த பணக்காரப் பெண், இருமுனைக் கோளாறு (மனநிலை ஒரு நேரம் அளவுக்கு மீறி ஏறி, ஒரு நேரம் ஒரேயடியாக இறங்கும் பைபோலார் நோய்). அம்மாதான் காரணம் என்கிற மாதிரி காட்டிவிடுகிறார்கள். இருமுனைக் கோளாறு அப்படி ஓர் ஆளின் தப்பால் வருகிற நோயில்லையே? பரம்பரைக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நோயாளியின் அம்மாக்கள் எல்லோரும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியதுதான்.

நோயைக் காட்டுவதில் எனக்கு இன்றைக்கும் 2014-ல் எஸ்.பி.எஸ். என்கிற கொரியத் தொலைக்காட்சியில் வந்த இட்ஸ் ஓகே, தட்ஸ் லவ்தான் மேல். நாயகன் ஒரு எழுத்தாளன், அவனோடு ஒரு பள்ளிக்கூடப் பையன் எப்போதும் ஒட்டிக்கொண்டே வருவான். நாமும் அவன் நிஜம் என்றே பார்த்துக்கொண்டிருப்போம். பிறகுதான் தெரியும், அந்தப் பையன் எழுத்தாளனின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறவன். பையன் காலில் செருப்பே இருக்காது, அதுதான் நமக்கு விட்ட ஒரே துப்பு. கடைசியில் நாயகன் அந்தக் காலைக் கழுவிவிட்டு, ஷூ போட்டுவிட்டு அனுப்பிவைப்பான். நோயை வில்லனாக்காமல், அதைப் பிரியவும் மனசில்லாமல் பிரிகிற ஒரு ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் அதிலும் காதல் கொஞ்சம் அதிகப்படியாகவே மருந்து வேலையைச் செய்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பனங்காடு

2020-ல் வந்த இட்ஸ் ஓகே டு நாட் பி ஓகேவை விட்டுவிட்டீர்களே மஞ்சள்குடை? அதில் ஓ ஜங்-சே நடித்த அண்ணன் பாத்திரம் போதும். ஆட்டிசம் உள்ளவர் என்றாலே தம்பிக்குச் சுமை என்று தொடங்கி, கடைசியில் அந்த அண்ணனுக்கே தனியாக ஒரு வேலை, ஒரு வழி என்று கொண்டுபோய் விட்டார்கள். தம்பியின் அனுமதி வாங்கிக்கொண்டு அவர் வாழவில்லை.

இரவுப்பணி

மஞ்சள்குடை சொல்வதில் அழகு பற்றிய குறை சரிதான். நாங்கள் பார்க்கும் வார்டில் ஒரு நைட் டூட்டிக்கு அத்தனை நர்ஸுகள் இருந்தால் நான் மகிழ்ச்சியில் அழுதுவிடுவேன். ஓ ரி-னா பற்றிச் சொன்னதும் சரி. மருந்து, ரத்தப் பரிசோதனை, திரும்ப வரும் வாய்ப்பு, இதெல்லாம் இருமுனைக் கோளாறில் பெரிய விஷயங்கள். அவற்றுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கலாம்.

ஆனால் சில காட்சிகளை எங்கள் வகுப்பிலேயே போட்டுக் காட்டலாம். தா-உன்னின் நண்பன் யூ-சான், பெரிய நிறுவன வேலையை விட்டுவிட்டு அப்பா அம்மாவின் கோழிக்கடையில் இருப்பவன், அவனுக்குப் பேனிக் என்கிற திடீர்ப் பீதி வரும்போது அறைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து கழுத்தைத் தொடும். நோயாளிகள் வந்து மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேன் என்று சொல்லும்போது கூட வந்தவர்கள் ஈசிஜி நார்மல், ஒன்றுமில்லை, சும்மா நடிக்கிறான் என்பார்கள். ஈசிஜி நார்மல்தான், அவனுக்கு அந்தத் தண்ணீரும் நிஜம்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், பிறகு மெல்ல இறங்கிவிடும், அதுவரை அவன் பக்கத்தில் யாராவது பதறாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்பது. அப்புறம் அந்த வேலைக்குப் போகும் அம்மா, மறதி மறதி என்று டிமென்ஷியா பயத்தோடு வந்து கடைசியில் மனச்சோர்வு என்று தெரியும். அப்படி நிஜமாகவே வருகிறார்கள்.

ஆற்றங்கரை கேட்ட மிச்சப் பாதிக்கு என் பதில்: வார்டிலிருந்து புதிதாக வந்தவர் அந்த எபிசோடுகளைத் தனியாகப் பார்க்கக் கூடாது. தொடரைக் குறை சொல்லிச் சொல்லவில்லை, அது பொதுவான எச்சரிக்கை. மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்பேன், குறிப்பாக வீட்டில் இருப்பவர்கள்.

ஆற்றங்கரை

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். இப்போது சோ-வானை விட்டுவிட்டு அதற்குப் பிறகு வருவதற்கு வருகிறேன், ஏனென்றால் பனங்காடு அங்கேயே நிறுத்திவிட்டதாக எழுதியது எனக்கு வருத்தமாக இருந்தது. தொடரின் உயிர் அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

தா-உன் நோயாளியாகிறாள். அவளைச் சேர்க்கிறார்கள், அவள் வேலை பார்த்த வார்டில் இல்லை, வேறு மருத்துவமனையில், பூட்டிய வார்டில். எத்தனை நோயாளிகளிடம் இது வெட்கப்பட வேண்டியதில்லை என்று சொல்லியிருப்பாள்! அதே தா-உன் அங்கே போய் நான் நர்ஸ், நான் இவர்களைப் போல இல்லை என்று நிற்கிறாள். சிகிச்சைக்கு ஒத்துழைக்க மறுக்கிறாள். இரக்கம் இருந்தாலும் உள்ளுக்குள் நாம் ஒரு கோடு போட்டுத்தான் வைத்திருக்கிறோம், அவர்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் என்று. அந்தக் கோட்டை நாயகியிடமே கண்டுபிடித்துக் காட்டியதற்கு எழுதியவர்களுக்கு வணக்கம். பார்க் போ-யங்கின் முகம் அந்த எபிசோடுகளில் தரையைப் பார்த்தபடியே இருக்கும், பேசும்போதுகூட நிமிராது.

பிறகு தேறி வேலைக்குத் திரும்புகிறாள். விஷயம் தெரிந்ததும் நோயாளிகளின் வீட்டார் திரண்டு வந்து, மனநோய் வந்த நர்ஸ் எங்கள் பிள்ளைகளைப் பார்க்கக் கூடாது என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், கேட்பவர்கள் மனநோயாளிகளின் அப்பா அம்மாக்கள்! தங்கள் பிள்ளை வெளியே போனால் வேலை கிடைக்க வேண்டும், மதிப்பாக நடத்த வேண்டும் என்று ஏங்குகிறவர்கள். அவர்களே இப்படிச் சொன்னால் பிள்ளைகளுக்கு வெளியே யார் வேலை கொடுப்பார்கள்? சோ-வானுக்கும் தா-உன்னுக்கும் நோய் வேறு, ஆனால் இருவருக்கும் கேள்வி ஒன்றுதான். குணமானபின் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறதா? சோ-வானுக்கு இல்லை. தா-உன்னுக்கு இருந்தது, அதுவும் ஹெட் நர்ஸ் சோங் ஹ்யோ-ஷின் ஒருவர் நிமிர்ந்து நின்றதால். அவருடைய தங்கைக்கே மனச்சிதைவு, அக்கம்பக்கத்தார் எதிர்ப்பைத் தினமும் பார்ப்பவர். லீ ஜங்-உன் அந்தப் பாத்திரத்தில் குரலை உயர்த்தாமலே நிற்கிறார். நான் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது என்று இரவுப்பணி எழுதியதைப் படித்தபின்தான் பட்டது.

வேம்படி

நான் ஒரு நோயாளியின் அப்பா. ஆற்றங்கரை, அந்த வீட்டாரைப் பற்றி நீங்கள் எழுதியது கொஞ்சம் கடுமை. நான் அந்த இடத்தில் இருந்தால் நானும் கேட்டிருப்பேன். பிள்ளையைப் பூட்டிய கதவுக்குப் பின்னால் விட்டுவிட்டு வருகிறவனுக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு தூங்கப் போவான். அந்தப் பயத்தை அவமதிப்பாகப் பார்க்காதீர்கள்.

சுவோன்வாசி

வேம்படி ஐயா, உங்கள் பயம் நியாயமானது. அதற்குச் சட்டத்திலேயே ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். தென் கொரிய மருத்துவச் சட்டத்தின் 8ஆம் பிரிவு மனநோய் உள்ளவர் டாக்டராகவோ நர்ஸாகவோ இருக்க முடியாது என்கிறது, ஆனால் வேலைக்குத் தகுதியானவர் என்று துறை வல்லுநர் சொன்னால் இருக்கலாம் என்றும் அதே வரியில் சேர்த்திருக்கிறது. ஆக அது பக்குவமாக ஒரு மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். வாசலில் கூட்டம் சேர்த்துக் கேட்க வேண்டியது இல்லை.

பூட்டிய வார்டு பற்றியும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அங்கே குடும்பத்தாரும் ஒரு மனநல மருத்துவரும் சேர்ந்தால் ஒருவரை அவர் விருப்பமில்லாமல் சேர்த்துவிடலாம். சொத்துச் சண்டையில்கூட அதைப் பயன்படுத்தினார்கள். 2016 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு ஒத்துப்போகவில்லை என்றது. 2017 மே 30 முதல் புதிய சட்டம். இப்போது பொதுவாகக் காப்பாளர்கள் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேறொரு மருத்துவமனை வல்லுநரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனைப் பதிவில் மனநோயைக் குறிக்கும், எஃப் என்று தொடங்கும் நோய்க்குறியீடு விழுந்துவிடும், காப்பீடு கிடைக்காது, வேலைக்கு இடைஞ்சல் என்று பயந்து அங்கே இன்னமும் பலர் டாக்டரிடமே போவதில்லை, சிலர் காப்பீட்டைத் தொடாமல் கைக்காசு கொடுத்துப் பார்க்கிறார்கள். தா-உன் ஏன் அப்படி மறுத்தாள் என்பதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேம்படி

மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தார் என்று யாராவது ஒருவர் அந்த வீட்டாரிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் பாதிப் பேர் கலைந்து போயிருப்பார்கள். எங்களிடம் யாரும் எதையும் விளக்குவதில்லை தம்பி. அதுதான் என் குறை. இருந்தாலும், என் மகன் நாளைக்கு வேலை கேட்டுப் போகும்போது எதிரே இருப்பவர் என்னைப் போல யோசித்தால் என்னாகும் என்று ஆற்றங்கரை கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆற்றங்கரை

ஐயா, நான் எழுதிய விதம் கடுமையாகத்தான் போய்விட்டது. விளக்கிச் சொல்ல ஆள் இல்லாததுதான் அந்தக் காட்சியின் வேர் என்று நீங்கள் சொன்னது நான் யோசிக்காத கோணம்.

தூரத்துமேகம்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் தம்பி போன மாதம்தான் வார்டிலிருந்து வீட்டுக்கு வந்தான். இந்தத் தொடரை அவனோடு சேர்ந்து பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். மேலே டிஸ்சார்ஜ் பற்றிப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. காட்டலாமா, வேண்டாமா? வேறென்ன செய்ய வேண்டும்?

இரவுப்பணி

தோழி, நான் பயமுறுத்த எழுதவில்லை, பெரும்பாலானவர்கள் வீட்டுக்கு வந்து நன்றாகவே தேறுகிறார்கள். ஆனால் கேட்டுவிட்டதால் வேலைக்கு ஆகும் விஷயங்களைச் சொல்கிறேன்.

தொடரை இப்போது வேண்டாம், குறைந்தது சோ-வான் பகுதியும் அதற்கு அடுத்ததும் வேண்டாம். பிறகு ஒரு ஓ.பி.யில் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள், தம்பி தானாகக் கேட்டால் என்ன கதை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

மாத்திரையை மொத்தமாக அவன் கையில் கொடுக்காமல் வீட்டில் ஒருவர் வைத்துக்கொண்டு அன்றன்றைக்குக் கொடுங்கள். ஏன் என்று அவனிடம் மறைக்க வேண்டாம், வெளிப்படையாகச் சொல்லுங்கள். நன்றாகிவிட்டான் என்று நீங்களோ அவனோ நிறுத்திவிடாதீர்கள், குறைப்பதானாலும் டாக்டர்தான் குறைக்க வேண்டும். ஓ.பி. தேதியைத் தவறவிடாதீர்கள், முதல் இரண்டு மூன்று தேதிகள் ரொம்ப முக்கியம். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகாது, பலருக்கும் கேட்டதே நிம்மதியாக இருக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனை. ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், அவனும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

பகலில் அவனுக்கு ஏதாவது ஒரு வேலை, ஒரு இடம் இருக்கிறதா?

தூரத்துமேகம்

மாமா அச்சகம் வைத்திருக்கிறார். காலையில் மட்டும் வந்து உட்காரட்டும் என்று சொல்லியிருக்கிறார், பைண்டிங் வேலை. அம்மாதான் இப்போதே எதற்கு என்று தடுக்கிறார். அடுத்த ஓ.பி. புதன்கிழமை. டாக்டரிடம் இதையும் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். மாத்திரை டப்பாவை இப்போதே அம்மாவிடம் எடுத்துக் கொடுத்துவிட்டேன், தம்பியிடம் சொல்லிவிட்டுத்தான்.